கொல்லன் மூக்கு

நகர மண்டபத்துச் சுவரோவியத்தில் கொல்லனின் மூக்கு காணாமல் போன அந்தக் காலை வேளையில், அது மண்டபக் கண்காணிப்பாளரின் சட்டைப் பைக்குள் பத்திரமாக இருந்தது.

திருட்டெல்லாம் இல்லை. ஒட்டடைதான் காரணம்.

மரபுக் கட்டடக் குழுவிலிருந்து ஒரு அம்மையார் அன்று பிற்பகல் பார்வையிட வருவதாக இருந்தது. பழைய சுவரோவியங்கள் என்றால் அவருக்கு அத்துப்படி; தலைமுடி அளவு கீறலைக்கூட விடமாட்டார் என்று கேள்வி. முந்தின நாளே மாநகராட்சிக் கமிஷனர் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"அந்தம்மா ஒரு குறை சொல்லிட்டாங்கன்னா, நீங்க அடுத்த நாள் வேலைக்கு வர வேண்டாம். பின்னாடி இருக்கற வீட்டையும் காலி பண்ணிடுங்க. புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. அந்த வீட்டுக்காகத்தான் கண்காணிப்பாளர் இந்த வேலையையே ஏற்றுக்கொண்டிருந்தார். கல்யாணமான நாள் முதல், ஆணி அடித்தால் மேல்மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வரும் வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளியவள் அவர் மனைவி. இங்கே வந்த பிறகுதான் ஆசை தீர ஆணி அடித்தாள். ஜன்னல்களுக்கெல்லாம் நீலத் திரை தைத்துப் போட்டாள். வாசலில் வைத்த செடி இப்போதுதான் மொட்டு விட்டிருந்தது. "இனிமே என்னை யார் வந்து கூப்பிட்டாலும் இந்த வீட்டை விட்டு நகரமாட்டேன்" என்று அவள் சொன்னபோது அவருக்கே கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

அந்தக் கர்வத்தோடுதான் காலையில் சிறிய ஏணியைப் போட்டு ஏறினார். கொல்லனின் காதோரத்தில் ஒரு சிலந்தி வலை. துணியால் லேசாகத் தட்டினார். வலை அப்படியே இருந்தது. மூக்கு கழன்று கையில் விழுந்தது.

நகரம் உருவான நாளை ஆள் உயரத்துக்குத் தீட்டிய ஓவியம் அது. நடுவில் முதல் மேயர், கையில் பெரிய சாவி. அவரைச் சுற்றி ஊர் ஜனம்: கொடி பிடித்தவர், சுத்தியல் ஏந்திய கொல்லன், தண்ணீர்க் குடம் சுமந்த பெண். எல்லாருடைய முகத்திலும் பெருமிதம். இப்போது கொல்லன் மட்டும் மூக்கு இருந்த இடத்தில் வெள்ளைக் காரையோடு நின்றான்.

கண்காணிப்பாளர் மூக்கைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"இந்தா... ஒண்ணு கேக்கணும்."

"என்னத்த உடைச்சீங்க?" என்றாள் மனைவி.

"உடைச்சேன்னு நான் சொன்னேனா?"

"குரலைத் தாழ்த்திப் பேசறீங்களே. போன தடவை இப்படிப் பேசினப்ப என் தையல் மிஷின். அதுக்கு முன்னாடி எங்கப்பாவோட மூக்குக் கண்ணாடி. சொல்லுங்க, இப்ப என்ன?"

"மூக்கு."

"ஐயையோ! விழுந்துட்டீங்களா?"

"என் மூக்கு இல்லம்மா. கொல்லன் மூக்கு. சுவர்ல இருக்கானே, அவன்."

மறுமுனையில் நீலத் திரைகளையெல்லாம் அவள் ஒரு முறை சுற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

"பதறாதீங்க. கோப்பைக்குக் கைப்பிடி ஒட்ட வாங்கினோமே, அந்தப் பசை உங்க மேஜை டிராயர்லதான் கிடக்கு. ஒரு சொட்டு விட்டு அழுத்திப் பிடிங்க. ஒரே ஒரு சொட்டுங்க!"

அவர் பல சொட்டு விட்டார். வேலை முக்கியமல்லவா? மூக்கை அதன் இடத்தில் பொருத்தி, கட்டை விரலால் அழுத்திப் பிடித்தார். மூக்கு கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. கூடவே கட்டை விரலும்.

இழுத்துப் பார்த்தார். வரவில்லை. ஊதிப் பார்த்தார். அப்போதும் வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பியூன் ஒரு சுற்றுலாக் கூட்டத்தை உள்ளே அழைத்து வந்தார்.

பியூனுக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் 'வானொலி'. காதில் விழுந்த எதுவும் அவரிடம் தங்கியதில்லை. அதனால் கண்காணிப்பாளர் ஏணியில் நின்றபடியே முகத்தில் ஒரு புன்னகையைக் கொண்டு வந்தார்.

"வாங்க, வாங்க. இந்தக் கொல்லனைப் பாருங்க. என்ன கம்பீரம்!"

கூட்டத்திலிருந்த பெரியவர் ஒருவர் கண்ணைச் சுருக்கினார். "அது சரிங்க. அவர் மூக்கை எதுக்குப் பொத்திப் பிடிச்சிருக்கீங்க?"

"அது... அந்தக் காலத்துப் பட்டறையில புகை ஜாஸ்தி. அந்த உணர்வை நாம புரிஞ்சுக்கணும்ல?"

பெரியவர் புரிந்துகொண்டவர் போலத் தலையாட்டினார். கூட்டத்தில் இரண்டு பேர் தங்கள் மூக்கையும் பொத்திப் பார்த்துக்கொண்டார்கள். 'வானொலி' மட்டும் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அவர்கள் மறைந்ததும் கண்காணிப்பாளர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார். விரல் வந்துவிட்டது. விரலோடு மூக்கும், மூக்கோடு இரு கன்னங்களும், நெற்றியும், மீசையும் வந்துவிட்டன. பழைய காரை பொலபொலவென்று அவர் செருப்பின் மேல் உதிர்ந்தது.

அவர் மறுபடியும் போன் செய்தார். இந்தத் தடவை மனைவி எதுவும் கேட்கவில்லை. "தம்பியை அனுப்பறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

மச்சினன் பெயின்டர்தான். முடிதிருத்தும் கடைகளுக்குப் பலகை எழுதுவது அவன் தொழில். ஊரில் உள்ள அத்தனை கடை வாசலிலும் ஒரே ஆள்தான், ஒரே வகிடெடுத்து, ஒரே பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். அந்த ஆளைத் தவிர வேறு முகம் அவனுக்கு வராது.

சுவரைப் பார்த்ததும் மச்சினன் விசிலடித்தான். "என்ன மாமா, மூக்குன்னுதானே அக்கா சொன்னா?"

"அது காலையில. இப்ப முகம். கேள்வி கேக்காம வேலையைப் பாருடா."

"பழைய போட்டோ இருக்கா? பாத்து வரைஞ்சிடலாம்."

போட்டோக்களுக்கு மண்டபத்தில் பஞ்சமே இல்லை. ஓவியத்துக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்ளாத பிரமுகர் கிடையாது. ஆனால் ஒவ்வொரு படத்திலும் அந்த மூலையில் ஒரு தடித்த பிரமுகர், கொல்லனின் முகத்தை அடியோடு மறைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப சலூன் ஆள்தான் வருவான் மாமா."

"டேய், வேண்டாம்டா. கொல்லன் தலையில வகிடு எடுத்துத் தொலைக்காத!"

"எதிர்ல ஆள் நின்னா அப்படியே வரைஞ்சிடுவேன். யாரையாவது நிக்கச் சொல்லுங்க."

யாரை நிறுத்துவது? 'வானொலி'யை நிறுத்தினால் விஷயம் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒலிபரப்பாகிவிடும். அவரை வாசலுக்கு அனுப்பி, "அந்தம்மா கார் வருதான்னு பாருங்க" என்றார் கண்காணிப்பாளர். மண்டபத்தின் பெரிய கதவைச் சாத்தினார். பிறகு சுத்தியலுக்குப் பதிலாகக் குடையைப் பிடித்துக்கொண்டு தானே நின்றார்.

"நான் சும்மா நிக்கறேன். என்னை அப்படியே வரையாத. பொதுவா ஒரு முகம் போடு, புரியுதா?"

"புரியுது மாமா. கொஞ்சம் நிமிருங்க. கொல்லன் இப்படிக் கூனிக் குறுகி நிக்கமாட்டான்."

அத்தனை வருஷத் தொழிலில் ஒரு தடவைகூட முகச்சாயல் பிடிபடாத மச்சினனுக்கு, அன்றைக்கென்று பார்த்துப் பிடிபட்டுவிட்டது. தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவன் விலகி நின்றபோது கண்காணிப்பாளருக்குக் கண்ணாடி பார்ப்பது போலிருந்தது. அதே தொங்கும் மீசை, அதே முன் வழுக்கை. கையில் சுத்தியலும், கண்ணில் வேலை போய்விடுமே என்ற பயமுமாக ஒரு கொல்லன்.

"டேய்! பொதுவான முகம்னு சொன்னேனேடா!"

"எனக்கே ஆச்சரியமா இருக்கு மாமா," என்றான் மச்சினன் தழுதழுத்த குரலில். "என் வாழ்க்கையிலயே இதுதான் முதல் தடவை."

"அழாதடா. தாடி வச்சு மறை. சீக்கிரம்!"

மோவாயைத் துடைத்துவிட்டுத் தாடி வைக்கலாம் என்று மச்சினன் துணியைப் பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்தான். ஏணியில் கால் மாற்றி வைத்தபோது கொஞ்சம் தடுமாறியது. விழாமலிருக்கத் துணியோடு சுவரில் கையை ஊன்றி, அப்படியே சறுக்கி இறங்கினான்.

"மாமா..."

"என்ன?"

"பக்கத்துல குடம் வச்சிருந்த அம்மாவும் போயிட்டாங்க."

கண்காணிப்பாளர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த நிலையில்தான் மனைவி பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு, சாப்பாட்டுக் கேரியருடன் வந்தாள். சுவரைப் பார்த்தாள். தரையில் இருந்த கணவனைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள்.

"இவர் எதுக்குடா அங்க நிக்கறாரு?"

"அது பெரிய கதைக்கா. நீ குடத்தை எடுத்துக்க."

"எந்தக் குடம்?"

"கேரியரையே இடுப்புல வச்சுக்க. இப்படித் திரும்பு. அவ்வளவுதான், அசையாத."

விஷயம் புரிந்ததும் அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கூந்தலையும் ஒரு முறை தடவிவிட்டுக்கொண்டாள். வீடே போகப்போகிறது என்ற கவலைக்கு நடுவிலும், நூறு வருஷச் சுவரில் ஏறுவது என்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லையே.

"கன்னத்தைக் கொஞ்சம் குறைச்சுப் போடுடா."

"அக்கா, பேசாத. நீ பேசினா வாய் சரியா வராது."

"நான் பேசாம இருந்தா அது என் முகமாவா இருக்கும்?"

கண்காணிப்பாளருக்கு அத்தனை கஷ்டத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. களுக்கென்று சிரித்தார். மனைவி சட்டென்று திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். மச்சினனின் கை சரியாக அந்தப் பார்வையைப் பிடித்துவிட்டது.

ஆகவே, நகரம் உருவான அந்தப் பொன்னாளில், ஊரே மேயரைப் பார்த்துப் பூரித்து நிற்க, குடம் சுமந்த பெண் மட்டும் கொல்லனை முறைத்துக்கொண்டிருந்தாள். குடத்தை மட்டும் கீழே இறக்கி வைத்துவிட்டால் அவன் கதை முடிந்தது என்று அந்தப் பார்வை சொல்லியது.

பெரிய கதவு படீரென்று திறந்தது. கமிஷனர்! பின்னாலேயே 'வானொலி'. மச்சினன் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு, விளக்கு சரிபார்க்க வந்தவன் போல மேலே அண்ணாந்து பார்த்தான். மனைவி தூணுக்குப் பின்னால் போனாள்.

"எல்லாம் தயாரா?" என்ற கமிஷனர் ஓவியத்தின் முன் நின்றார். பதவிக்கு வந்த நாளிலிருந்து அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்க்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "பிரமாதம்! ஆமா, அந்த ஆளை எங்கயோ பாத்திருக்கேனே?"

"எனக்கும் அப்படித்தாங்க இருக்கு," என்றார் 'வானொலி'. "நாக்கு நுனியில நிக்குது."

கண்காணிப்பாளர் மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏன்யா, நான் பேசிட்டிருக்கேன், நீ பாட்டுக்குச் சுவரைப் பாத்துட்டு நிக்கற?"

"இங்க ஒரு எறும்பு சார்..."

"எறும்பைப் பிடிக்கத்தான் உனக்குச் சம்பளமா? அந்தம்மா கிளம்பிட்டாங்களாம். நான் போய் வரவேற்று அழைச்சிட்டு வரேன்."

அவர்கள் போனதும் கண்காணிப்பாளரின் மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்தது. கொல்லனை மறுபடி தொட்டால் மேயருக்கே ஆபத்து வரலாம். சுவரில் இருப்பவனைத்தான் மாற்ற முடியாது. தன்னை மாற்றிக்கொள்ளலாமே! பின்பக்கமாக வீட்டுக்கு ஓடினார். பெண் பார்க்கப் போன அன்றிலிருந்து அவர் முகத்தில் குடியிருந்த மீசையைக் கண்ணை மூடிக்கொண்டு வழித்தெடுத்தார்.

திரும்பி வந்தபோது மச்சினன் வாயெல்லாம் பல்லாக எதிரே வந்தான்.

"மாமா, கவலையை விடுங்க. உங்களைக் கண்டுபிடிக்கவே முடியாத மாதிரி ஒரு வேலை செஞ்சிட்டேன்."

"என்ன செஞ்ச?"

"மீசையை எடுத்துட்டேன்."

"யார் மீசையை?"

"கொல்லன் மீசையைத்தான். மாமா... உங்க மீசை எங்க?"

கண்காணிப்பாளர் சுவரைப் பார்த்தார். சுவரிலிருந்து மழுமழுவென்ற முகத்தோடு அவரே அவரைப் பார்த்து விழித்தார். இருவரில் யாருக்கு அதிகப் பயம் என்று சொல்வது கடினம்.

மனைவி தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒண்ணு சொல்லட்டுமா? மீசை இல்லாம சின்னப் பையனாட்டம், பாக்க லட்சணமா இருக்கீங்க."

"இப்ப இதுதான் முக்கியமா? யாரைச் சொல்ற, என்னையா, அவனையா?"

"ரெண்டு பேரையும்தான்," என்றாள் மனைவி. "போனாப் போகுதுங்க. வீடு போனா வேற வீடு. திரையைக் கழட்டி அங்க மாட்டிக்கலாம். நீங்க மூஞ்சியை இப்படி வச்சுக்காதீங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலிலிருந்து 'வானொலி'யின் குரல் மண்டபம் அதிரக் கேட்டது.

"வந்துட்டாங்கோ!"

மனைவி மறுபடி தூணுக்குப் பின்னால் ஒதுங்க, மச்சினன் பெயின்ட் டப்பாக்களோடு பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவினான்.

அந்த அம்மையார் ஒல்லியாக, வெள்ளைத் தலையோடு, தோளில் ஒரு துணிப் பையோடு வந்தார். யாரிடமும் சிரிக்கவில்லை. உள்ளே நுழைந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"பெயின்ட் வாசம் வருதே?"

"கதவுக்கு அடிச்சோம் மேடம்," என்றார் கண்காணிப்பாளர்.

"எந்தக் கதவு?"

"எல்லாக் கதவும்தான் மேடம்."

அம்மையார் பழைய மரக் கதவுகளை ஒரு முறை பார்த்தார். எல்லாக் கதவும் நிறம் மங்கித் தூசி படிந்து நின்றன. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். கமிஷனர் கை கொடுக்க வந்ததை மறுத்துவிட்டுத் தானாகவே ஏணியில் ஏறினார். நேராகக் கொல்லனிடம்தான் போனார்.

கமிஷனர் கீழிருந்து, "முகங்கள்ல எல்லாம் என்ன ஒரு உயிர் பாருங்க மேடம்! இன்னிக்கு வரைஞ்ச மாதிரியே இருக்கு!" என்றார் உற்சாகமாக.

கண்காணிப்பாளர் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அம்மையார் ஒரு விரலால் கொல்லனின் மோவாயைத் தொட்டார். விரலில் நிறம் ஒட்டியது. அதைக் கைக்குட்டையில் மெல்லத் துடைத்துக்கொண்டார். கொல்லனைப் பார்த்தார். திரும்பிக் கண்காணிப்பாளரைப் பார்த்தார். குடம் சுமந்த பெண்ணைப் பார்த்தார். பிறகு தூணுக்குப் பின்னால் பார்த்தார். கணவன் இப்படி முழித்தே காட்டிக்கொடுத்துவிடுவானே என்ற ஆத்திரத்தில், மனைவி அங்கிருந்து அச்சுப் பிசகாமல் அதே பார்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூதக்கண்ணாடி பைக்குள் போயிற்று. அம்மையார் இறங்கினார்.

"எப்படி மேடம் இருக்கு?" என்றார் கமிஷனர்.

"எப்படிப் பாத்துக்கணுமோ அப்படிப் பாத்துக்கறாங்க. எனக்கு முழுத் திருப்தி. இங்க எதையும் மாத்தாதீங்க. முக்கியமா, கண்காணிப்பாளரை மாத்தாதீங்க."

கமிஷனருக்குத் தலைகால் புரியவில்லை. கண்காணிப்பாளரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "சபாஷ்யா! வீட்டுக்கு வெள்ளையடிச்சுத் தரச் சொல்றேன்!" என்று கூவிவிட்டு, காருக்கு ஏற்பாடு செய்ய வெளியே விரைந்தார். 'வானொலி' அதற்குள் செய்தியைப் பரப்பப் புறப்பட்டிருந்தார்.

வேலை தப்பியது. வீடும் தப்பியது. மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்காணிப்பாளரும் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நல்ல மனசுக்காரர்களுக்கு நிம்மதி என்பது அவ்வளவு சீக்கிரம் செரிப்பதில்லையே. வாசல் படி இறங்கப் போன அம்மையாரின் பின்னால் ஓடினார்.

"மேடம், ஒரு நிமிஷம். நீங்க கவனிக்கலையோன்னு... அந்தக் கொல்லன், அது நான்தான் மேடம். குடத்தோட நிக்கறது என் வீட்டுக்காரி. காலையிலதான் வரைஞ்சது."

"தெரியும்பா. ஈரம் இன்னும் காயல. ரெண்டு நாளைக்கு யாரையும் தொட விடாதீங்க."

"தெரிஞ்சுமா மேடம் சரின்னு சொன்னீங்க? எத்தனை வருஷத்து அசல் முகம்! என் ஒருத்தனால அழிஞ்சு போச்சே!"

அம்மையார் நின்றார். திறந்திருந்த கதவு வழியாக ஓவியத்தைத் திரும்பிப் பார்த்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது.

"அசலா? அதோ கொடி பிடிச்சிட்டு நிக்கறாரே, அது இங்க கண்காணிப்பாளரா இருந்த எங்கப்பா; அவருக்கு முன்னாடி இதே வேலையில இருந்தவர்தான்பா அந்த மேயர்!"